அடுப்புச் சுவரை ஒட்டிய இடம்

அந்த லாரி ஷெட்டில் வண்டி கிளம்பாவிட்டால் ஆளும் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஓட்டுநர் விடியற்காலை நாலரைக்கே வந்து, விரல் மரத்துப்போக சாவியைத் திருகிக்கொண்டு, மேற்பார்வையாளரின் கண்ணெதிரிலேயே நின்றிருக்கலாம். ஆனால் ஆறரை மணிக்கு வெளிக்கதவு திறக்கும்போது அவருடைய லாரி உறுமவில்லை என்றால், வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’. ஒரே குளிர்காலத்தில் மூன்று ‘வரவில்லை’ விழுந்தால் நான்காம் நாள் வர வேண்டியதில்லை. இந்த விதியை எழுதிய மகானுபாவர் எங்கோ கதகதப்பான ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். டீசல் இஞ்சினுக்குக் குளிரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த ஷெட்டின் இருபத்திரண்டு லாரிகளையும் காலையில் கிளப்பிவிடுவது கெட்டில் அக்காவின் வேலை. நாற்பத்து மூன்று வயது. ஆண்களின் கால்சட்டை, அதன்மேல் கணவரின் பழைய கம்பளிச் சட்டை, கையில் எப்போதும் ஆவி பறக்கும் ஒரு கெட்டில். அந்தக் கெட்டிலால்தான் அந்தப் பெயர். அது தேநீருக்கு இல்லை. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து டீசல் ஃபில்டரைச் சுற்றிக் கட்டுவதற்கு. புதிதாக வந்த ஓட்டுநர் யாராவது டம்ளரை நீட்டினால், “இஞ்சின் குடிச்சது போக மிச்சம் இருந்தா பாக்கலாம்” என்பாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் அங்கே பாகங்களைக் கழுவும் வேலைக்கு வந்தவள். முதல் குளிர்காலத்திலேயே ஒன்றைப் பார்த்தாள். கிளம்பாத வண்டிக்கு அடியில் ஓட்டுநர்கள் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் போட்டு இஞ்சினைச் சூடாக்குவார்கள். எல்லாரும் செய்வது, காலங்காலமாகச் செய்வது. ஒருநாள் தீ டீசல் குழாயைப் பிடித்தது. வண்டி போனது. ஓட்டுநரின் இரண்டு உள்ளங்கைகளும் போயின. “அவனுக்கு நேரம் சரியில்லை” என்று ஷெட்டே ஒரே குரலில் சொன்னது. அவள் மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை. நேரத்துக்கு என்ன கேடு? தீயை வைத்தது கை, தீ வைக்கும் நிலைக்கு அந்தக் கையைத் தள்ளியது ஆறரை மணிக் கதவு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் கருவிப் பெட்டிக்குள் கிரீஸ் டப்பா ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த தடித்த புத்தகத்தை உருவினாள். லாரியோடு வந்த கையேடு. பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவள் அதை எழுத்துக் கூட்டி ஒரு வருடம் படித்தாள். குளிரில் எண்ணெய் தேன் மாதிரி இறுகும், பேட்டரிக்குப் பாதி பலம்தான் இருக்கும், டீசலில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், சாவியைப் போட்டதும் எரியும் ஆரஞ்சு விளக்கு, இஞ்சின் உள்ளே சூடேறி அணையும்வரை பொறுத்துத்தான் திருக வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஷெட்டில் யாரும் பொறுத்ததில்லை. அந்த விளக்கு அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தார்கள்.

இவ்வளவு படித்தவளாலும் ஒரு விஷயத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. அதுதான் ராசி.

ஷெட்டின் உட்பக்க மூலையில், பின்சுவரை ஒட்டி, முதல் நிறுத்தம். அங்கே நிற்பது ராசி வண்டி. அதை ஓட்டுபவரை அவர் மனைவிகூட ராசிக்காரர் என்றுதான் சொல்வாள் என்று ஷெட்டில் கேலி பேசுவார்கள். பத்து வருடத்துக்கு முன்பு பதினான்கு வண்டிகள் மக்கர் செய்த ஒரு நாளில் அந்த மூலையில் நின்ற அவர் வண்டி மட்டும் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த இடம் அவருக்கே. அன்றிலிருந்து இன்னொரு வழக்கமும் வந்தது. ராசி வண்டி கதவைத் தாண்டாமல் வேறெந்த வண்டியும் நகராது. மேற்பார்வையாளருக்கும் அது வசதியாக இருந்தது, வரிசை ஒழுங்காகப் போகுமே. அந்த மேற்பார்வையாளரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் என்பார்கள்.

ராசி என்று ஒன்று இருந்தால் ராசியில்லாதவன் என்றும் ஒருவன் வேண்டுமல்லவா? அவன் கெட்டில் அக்காவின் சொந்தத் தம்பி. அவனுக்கு ஷெட் வைத்த பெயர் ஐஸ். அவன் தொட்டால் வண்டி உறைந்துவிடுமாம். நிறுத்தங்களில் கடைசி இடம் அவனுக்கு, மதில் இடிந்து காற்று ஊசியாகக் குத்தும் இடம். அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இரண்டு ‘வரவில்லை’ விழுந்துவிட்டன.

இரண்டாவது விழுந்த அன்று காலையில்தான் அக்கா காரணத்தைக் கையில் பிடித்தாள். அவன் வண்டியின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே டீசல் இல்லை. வெண்ணெய் மாதிரி ஏதோ வழிந்தது.

“எங்கடா டீசல் போட்டே?”

“கீழே துறைமுகத்துலதான். ஃபுல் டேங்க் அங்கேயே போடணும்னு ஆபீஸ் ஆர்டர். அங்கே விலை கம்மியாம்.”

“அங்கே வேர்க்கும். அந்த ஊர் டீசலை இந்தக் குளிருக்குக் கொண்டுவந்தா மெழுகாத்தான் ஆகும். நீ மட்டும்தானே அந்த ரூட்?”

“நான் மட்டும்தான்.”

“அப்போ உனக்கு ராசி இல்லாம இல்லடா. உன் டேங்குக்கு ஸ்வெட்டர் இல்லை, அவ்வளவுதான்.”

அவள் நேராகக் கடிகாரத்தின் அறைக்குப் போனாள். அந்த அறையில் ஒரு ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதிவேட்டை மூடினார்.

“நீ சொல்றதெல்லாம் சரியா இருக்கலாம்மா. ஆனா உன் தம்பிங்கிறதால சொல்றேன்னு நாலு பேர் சொல்வாங்க. அவன் எந்த வண்டியை எடுத்தாலும் இப்படித்தான்னு ஷெட்டே பேசுது.”

“ஷெட் பேசுறதை விடுங்க சார். ஆபீஸ் சொன்ன இடத்துல அவன் டீசல் போட்டான். அதுக்கு அவனுக்கு ஆப்சென்ட்டா?”

“ரூல் ரூல்தான். நாளைக்கு ஆறரைக்குள்ளே கிளப்பிட்டா மூணாவது விழாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

அன்று அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் அதிசயமாக அவளுக்கு முன்பே வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று மாதமாக ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. புருவம் பாதி கருகியிருக்கும். அவள் குளிரில் வேலை செய்கிறாள், அவர் நெருப்பில் வேலை செய்கிறார். இரண்டையும் கலந்தால் ஒரு நல்ல மனுஷன் கிடைப்பான் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

“என்ன சீக்கிரம்?”

“அடுப்பை அணைச்சாச்சு. உள்ளே செங்கல் விரிஞ்சிருக்கு. ஆறினாத்தான் மாத்த முடியும். மூணு நாள் லீவு. பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையாம்.” கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். “இந்த மூணு நாளும் உங்க ராசி வண்டி ஹாரன் சத்தம் கேக்காது. தினமும் விடிகாலையில அடுப்புக்குப் பின்னாடிதான் அலறும். மாவே எழுந்து உக்காந்துடும்.”

கை கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“அடுப்புக்குப் பின்னாடியா?”

“ஆமா. எங்க வாசல் அந்தத் தெருவுல இருக்கே தவிர, அடுப்போட முதுகு உங்க ஷெட் சுவர்தானே?”

அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. அந்த மூலையில் உறைபனி படிவதில்லை என்பதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். காற்று அடிக்காத இடம் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இருபத்தோரு வண்டிகளின் பேட்டரியையும் எண்ணெயையும் நாடி பிடித்துப் பார்த்தவள், அந்த ஒரு சுவரில் கை வைத்துப் பார்க்கவில்லை. அந்த வண்டிதான் ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லையே. நன்றாக ஓடுவதை யார் கேள்வி கேட்கிறார்கள்?

தம்பியைக் கூட்டிக்கொண்டு, தள்ளுவண்டியோடு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஷெட்டுக்குப் போனாள். அவன் வண்டியின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஃபில்டரைப் புதிதாக மாற்றினார்கள். மெழுகு கட்டிய டீசலை வடித்துவிட்டு, காலி டேங்கை வெந்நீர்த் துணியால் சுற்றிச் சூடாக்கி, உள்ளூர் குளிர்கால டீசலை ஊற்றினார்கள். இஞ்சின் மூக்கில் இரண்டு கம்பளி.

பிறகு அவள் மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் குறைந்துகொண்டிருந்தது.

ராசிக்காரர் அப்போதுதான் வண்டிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல மனிதர், கர்வம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்த நொடியில் அவளுக்கு ஒரு ஆசை வந்ததை மறைப்பதற்கில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் போதும். நாளைக்கு ராசி வண்டி எல்லார் முன்னிலையிலும் மல்லாந்து படுக்கும். தம்பி வண்டி கிளம்பும். பத்து வருடப் பேச்சு ஒரே காலையில் பொடிப்பொடியாகும். ஆனால் அதற்கு விலையாக இந்த மனிதருக்கு ஒரு ‘வரவில்லை’. அந்த அநியாய விதியை வைத்தே தன் கட்சியை நிரூபித்தால், தனக்கும் கடிகாரத்துக்கும் என்ன வித்தியாசம்?

“அண்ணே, இந்தச் சுவருக்குப் பின்னாடி ரொட்டி அடுப்பு. உங்க வண்டியை இத்தனை வருஷமா அதுதான் சூடா வெச்சிருக்கு. இன்னைக்கு அணைச்சிட்டாங்க. பேட்டரியைக் கழற்றிக் கொடுங்க, எங்க வீட்டுல வெச்சுக் காலையில கொண்டுவர்றேன்.”

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

“தம்பிக்காக நீ படுற பாடு எனக்குப் புரியுதும்மா. ஆனா என் ராசியைப் போய் ரொட்டியோட சேர்க்காதே. நாளைக்கு அடுப்பு அணைஞ்ச கதையை வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம், போ.”

“பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சு?”

“அது ஆச்சு, ஏழு வருஷம். மாத்தவே வேண்டியதில்லை, பாத்தியா?”

ஏழு வருடப் பேட்டரி. இன்னும் இரண்டு முறை சொன்னாள். அவர் மூன்று முறை சிரித்தார்.

பேட்டரிகளை வீட்டுக்குள் தூக்கி வந்தபோது கணவர் எழுந்து இடம்விட்டார். “விருந்தாளிகளுக்குப் பாய் போடவா?”

“அடுப்புக்கிட்ட மட்டும் வைக்காதீங்க. அது விடுற மூச்சுக்கு நெருப்பு ஆகாது.”

“அப்போ என் ஜாதிதான். வீட்டுக்கு வந்தும் நெருப்பான்னு நானும் அலுத்துக்கிறேன்.”

மறுநாள் அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான காலை. வாளித் தண்ணீர் அடிவரை கல்லாகியிருந்தது. நாலேகாலுக்கு அக்காவும் தம்பியும் பேட்டரிகளை மாட்டினார்கள். முனைகளைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினார்கள். ஆனால் தம்பி வண்டியை முதலில் கிளப்ப அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“வரிசைப்படிதான்டா. உன்னோடது இருபத்திரண்டு. தம்பின்னு முன்னாடி எடுத்தா நாளைக்கு எனக்கு வாயே இருக்காது.”

“எனக்கு வேலையே இருக்காது, அதைப் பத்தி யோசிச்சியா?”

“யோசிச்சேன். அதனாலதான் ராத்திரி சாப்பாடு இறங்கலை. துணியைப் பிழி.”

இரண்டிலிருந்து தொடங்கினாள். ஒன்றாம் எண் அவளைக் கூப்பிடாது, அது ராசி வண்டி. ஒவ்வொரு வண்டியாகக் கெட்டிலும் துணியுமாகப் போனாள். பக்கத்தில் யாராவது திருக அவசரப்பட்டால், “விளக்கு அணையட்டும்” என்ற குரல் போகும். ஒரு வண்டி பிடித்ததும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். “இப்பதான் தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்கு, ஓடச் சொல்றீங்களே, எண்ணெய் மேலே ஏறட்டும்.” ஐந்தேமுக்காலுக்குப் பதினெட்டு வண்டிகள் முனகிக்கொண்டிருந்தன. ஆறுக்கு இருபது.

ஆறு ஐந்துக்குத் தம்பி சாவியைப் போட்டான். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அவன் கை திருகத் துடித்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. விட்டாள். இஞ்சின் கனமாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியது. நின்றது.

“போச்சு,” என்றான் தம்பி.

“வாயை மூடு. ரெண்டு நிமிஷம் பேட்டரிக்கு மூச்சு விடு.”

இரண்டு நிமிடம். ஃபில்டரில் புதுத் துணி, அதன்மேல் கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீர் முழுவதும். மறுபடி விளக்கு, மறுபடி திருகல். வெள்ளைப் புகை ஒன்று குபுக்கென்று வந்தது. பிறகு தடதடவென்று ஒரு தள்ளாட்டம், பிறகு சீரான உறுமல். தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அவன் நிமிர்வதற்குள் மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த ஷெட்டில் பத்து வருடமாக அந்த மூலையிலிருந்து யாரும் கேட்டிராத சத்தம். டிக். டிக். டிக். ராசி வண்டி.

ராசிக்காரர் ஆறு பத்துக்கு வந்து, வழக்கம்போல விளக்கைப் பார்க்காமல் திருகியிருக்கிறார். ஐந்து முறை, ஆறு முறை. ஏழு வருடப் பேட்டரி இருந்த உயிரையும் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தமில்லை. மற்ற ஓட்டுநர்கள் எதிரில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஆறு பதினெட்டு. கெட்டில் காலி. அக்கா தம்பியிடம் கை காட்டினாள். அவன் தன் லாரியை நகர்த்தி மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஜம்பர் கேபிளை எடுத்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

“ஐஸ் வண்டி கரண்ட்டா? ராசி வண்டிக்கா?” என்றார் ஒருவர்.

“வேற வண்டியில எடுக்கலாமே,” என்றார் இன்னொருவர்.

“வேற வண்டி பேட்டரி எல்லாம் இப்போதான் செத்துப் பிழைச்சிருக்கு,” என்றாள் அக்கா. “ராத்திரி பூரா வீட்டுக்குள்ளே தூங்கின பேட்டரி இந்த ஷெட்டுல இது ஒண்ணுதான். அண்ணே, பேட்டரி மூடியைத் திறங்க.”

ராசிக்காரர் கை மூடியின்மேல் இருந்தது. திறக்கவில்லை. தம்பி வண்டியைப் பார்த்தார். கடிகாரம் கதவருகே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் பார்த்தார்.

“அண்ணே, கரண்ட்டுக்கு ஒரு ஆளையும் தெரியாது. பிளஸ்ஸும் மைனஸும்தான் தெரியும். உங்களுக்கு ‘வரவில்லை’ வேணுமா, வண்டி வேணுமா?”

அவர் மூடியைத் திறந்தார்.

பிளஸ்ஸோடு பிளஸ். மைனஸை எடுத்து ராசி வண்டிச் சட்டத்தின் வெறும் இரும்பில் கவ்வவிட்டாள். தம்பி வண்டி கொஞ்ச நேரம் தன் பலத்தை ஊட்டட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஆறு இருபத்தாறுக்கு ராசிக்காரர் சாவியைப் போட்டார். விரல் தானாகத் திருகப் போனது.

“விளக்கு, அண்ணே.”

அவர் விளக்கைப் பார்த்தார். பத்து வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார் என்று தோன்றியது. அணைந்ததும் திருகினார். பிடித்துக்கொண்டது.

கூட்டம் மூச்சுவிட்டது. விட்ட மூச்சோடு அடுத்த அசட்டுத்தனமும் வந்தது. “அக்காவுக்குத்தான் கைராசி” என்று ஒருவர் சொல்ல, “நாளையிலேருந்து முதல் வண்டியை அவங்கதான் தொடணும்” என்றார் இன்னொருவர். கடிகாரம்கூடத் தலையாட்டினார்.

கெட்டில் அக்காவுக்கு வந்த கோபத்தில் குளிர் விட்டுப்போயிற்று.

“என் கையில ராசி இல்லை. காய்ப்புதான் இருக்கு. அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. எல்லாரும் வாங்க, தொடுங்க. பின்னாடி ரொட்டி அடுப்பு. நேத்து அணைச்சாங்க, இன்னைக்கு ராசி வண்டி படுத்துச்சு. இவன் டீசலைத் துறைமுகத்துல போடச் சொன்னது ஆபீஸ். ஆப்சென்ட் போட்டது இவன் தலையில. இதுக்கு நீங்க வெச்ச பேர் ராசி. ஆபீஸ் பண்ற தப்பை எல்லாம் மூடிவைக்க இதைவிட நல்ல கம்பளி கிடையாது.”

அவள் கடிகாரத்தின் பக்கம் திரும்பினாள். “சார், அந்த ரெண்டு ‘வரவில்லை’யை அடிச்சிடுங்க. ‘ஆள் வந்தார், வண்டி கிளம்பவில்லை’ன்னு எழுதுங்க. பக்கத்துல காரணத்தையும் எழுதுங்க.”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. இன்னைக்குத்தான் கிளம்பிடுச்சே. ஆறரை ஆச்சு, கதவு திறந்திருக்கு, வண்டியை எடுங்க.”

அவர் சொல்லியும் வண்டிகள் எதுவும் அசையவில்லை. ராசி வண்டி போகாமல் மற்றவை போகாதே. ராசிக்காரரோ ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, எடுங்க,” என்றார் கடிகாரம்.

“எடுக்கிறேன் சார்.” ராசிக்காரர் கண்ணாடியை முழுக்க இறக்கினார். “அதுக்கு முன்னாடி என் பேருக்கும் ஒரு ஆப்சென்ட் போடுங்க. என் வண்டியும் தானாக் கிளம்பலை. அவன் கொடுத்துக் கிளம்பினது. அவன் ரெண்டு நாள் வரலைன்னா, நானும் இன்னைக்கு வரலை. வராத ஆள் எப்படி சார் வண்டியை எடுக்க முடியும்?”

இருபத்தோரு இஞ்சின்கள் அவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்றன. ஆறு முப்பத்தைந்து. ஆறு நாற்பது. அலுவலகத் தொலைபேசி மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எந்த மூடநம்பிக்கையை அவள் பத்தொன்பது வருடமாக அடித்து நொறுக்கப் பார்த்தாளோ, அது இப்போது வாசலை அடைத்துக்கொண்டு அவள் தம்பிக்காக நின்றது. அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

ஆறு நாற்பத்து நான்குக்குக் கடிகாரம் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பானெட்டின்மேல் விரித்து, பேனா மை உறைந்து எழுதாததால் வாயருகே வைத்து ஊதி ஊதி, இரண்டு ‘வரவில்லை’யையும் அடித்தார். அவள் சொன்னபடியே எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘டீசல்’ என்று மட்டும் எழுதி நிறுத்தப் பார்த்தார்.

“யார் போடச் சொன்ன டீசல்னும் எழுதுங்க சார்,” என்றாள்.

எழுதினார்.

மூன்று நாளில் ரொட்டி அடுப்பு மறுபடி எரிந்தது. அதற்குள் சுவரை ஒட்டிய இடத்துக்கு ஒரு பட்டியல் கதவில் தொங்கியது. யாருடைய பேட்டரி பழையதோ அவருக்கு அங்கே முன்னுரிமை. கெட்டில் அக்காவின் கையெழுத்து, எழுத்துப் பிழை இரண்டு. ஏழு வருடப் பேட்டரியை அலுவலகம் அன்றே மாற்றிக் கொடுத்துவிட்டதால் ராசிக்காரரின் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தது. அவர் வண்டிக்கு இடிந்த மதில் பக்கம்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் நாலரை மணிக்கு அவள் கெட்டிலோடு வந்தபோது, மதில் ஓரத்தில் காதுவரை கம்பளி சுற்றிய ஒரு உருவம் ஏற்கெனவே ஃபில்டரில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தது.

“வெந்நீர் ஊத்தும்மா. பத்து வருஷமா இந்தக் காத்து இங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

ஊற்றினாள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். அவள் கெட்டிலோடு அடுத்த வண்டிக்குத் திரும்பினாள். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.